நனைந்த கல்லில் தார் ஒட்டாது

நாவலப்பிட்டிப் பக்கம் வீதிக்குத் தார் போடுகிறவர்கள் காலையில் முதலில் பார்ப்பது வானத்தைத்தான். கினிகத்தேனைப் பக்கம் மலை மூடிக் கறுத்திருந்தால் அன்றைக்குத் தீ மூட்டுவதே வீண். வெயில் தலைகாட்டினால் வேலை தொடங்கும். வீதியோரத்தில் கல் கூட்டி, தார்ப் பீப்பாயைப் படுக்க வைத்து, அடியில் விறகைத் தள்ளுவார்கள். மலைக்குளிரில் பீப்பாய்க்குள் தார் கல்லாக இறுகிக் கிடக்கும். கம்பியால் குத்தினால் சில்லுத்தான் தெறிக்கும். தீ ஏற ஏற ஓரம் மினுங்கும், பிறகு இளகும், கடைசியில் கறுப்புப் பாகாக வாளிக்குள் இறங்கும். அந்த வாசம் இரண்டு வளைவு தாண்டியும் மூக்கில் ஏறும். அதைச் சல்லிக் கல்லில் ஊற்றிப் பிரட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு தூறல் விழுந்தால் போதும், வேலை நின்றுவிடும். நனைந்த கல்லில் தார் ஒட்டாது. இதை அந்த வேலைக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்திச் சொல்லத் தேவையில்லை.

இனி ஒரு கேள்வி. பழைய வீதியிலிருந்து பெயர்ந்த தார்க்கட்டி ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மணலும் தாரும் ஒன்றாகப் பிடித்துக் கிடக்கிற இந்தக் கட்டியிலிருந்து தாரை மட்டும் திரும்ப எடுக்க முடியுமா? சுரண்டினால் வராது. பிழிந்தால் வராது. எரித்தால் தாரே போய்விடும்.

கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில் இயற்கையே இப்படி ஒரு தார் வீதியைப் போட்டு வைத்திருக்கிறது. அதன் பரப்பு ஏறத்தாழ 142,000 சதுர கிலோமீற்றர். இலங்கைத் தீவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். காட்டுக்கும் சதுப்புக்கும் கீழே மணலும் தாரும் கலந்து கிடக்கிற இந்தப் படிவத்துக்கு ‘எண்ணெய் மணல்’ என்று பெயர். ‘தார் மணல்’ என்றும் சொல்வார்கள். அதிலிருந்து நாளொன்றுக்கு 30 இலட்சம் பீப்பாய்களுக்கு மேல் எண்ணெய் எடுக்கிறார்கள். எடுக்கும் வழியைக் கண்டுபிடித்தவர்கள் நம்பியது, நாவலப்பிட்டி வீதி வேலைக்காரர்களுக்குத் தெரிந்த அதே உண்மையைத்தான்: ஈரமான மணல் தாரைப் பிடித்துக்கொள்ளாது.

2022 இல் பெற்றோல் செட்டுகளின் முன்னால் நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்களுக்கு எண்ணெயின் அருமை தெரியும். மசகெண்ணெய் வாங்கப் பணமில்லாமல் சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் அந்த ஆண்டு மூடித் திறந்து, திறந்து மூடிக் கிடந்தது. ‘உலகத்தில் எண்ணெய்க்கா பஞ்சம்?’ என்று வரிசையில் யாராவது கேட்டிருந்தால், பஞ்சமில்லை என்பதே சரியான பதில். அல்பேர்ட்டாவில் மட்டும் எடுக்கத்தக்கதாக 16,000 கோடிப் பீப்பாய் அளவில் இருப்பதாகக் கணக்கு. சவூதி அரேபியாவுக்கும் வெனிசுவேலாவுக்கும் பக்கத்தில் வைத்துப் பேசப்படும் தொகை இது. ஆனால் அந்த எண்ணெய் தரைக்குக் கீழே எந்த நிலையில் இருக்கிறது என்பதில்தான் விஷயம் முழுதும் அடங்கியிருக்கிறது.

கித்துள் பாணிப் போத்தலை நினைத்துக்கொள்ளலாம். மத்தியானத்தில் சரித்தால் பாணி வழியும். மார்கழி விடியற்காலையில் அதே போத்தலைக் கவிழ்த்துப் பிடித்தாலும் ஒரு சொட்டு இறங்க நேரமெடுக்கும். சுடுநீர்ப் பாத்திரத்தில் சற்று வைத்து எடுத்தால் மீண்டும் ஓடும். ஒரு திரவம் தன் ஓட்டத்தைத் தானே எவ்வளவு தடுக்கிறது என்ற அளவை விஞ்ஞானப் பாடத்தில் ‘பாகுநிலை’ என்கிறோம். பாகு என்ற சமையற்கட்டுச் சொல்லிலிருந்து பிறந்த அழகான சொல் அது. சாதாரண மசகெண்ணெய் மத்தியானப் பாணி போன்றது. கிணறு தோண்டினால் தானே வரும், அல்லது பம்பியால் இழுக்கலாம். எண்ணெய் மணலில் இருப்பது விடியற்காலைப் பாணியையும் விட எத்தனையோ மடங்கு இறுகியது. அதன் பெயர் நிலக்கீல். கீல் என்பது புதிய சொல்லல்ல. நம் கடற்கரையில் தோணிப் பலகைகளின் இடுக்கை அடைக்கப் பூசிவந்த கறுப்புப் பிசின்தான் அது. அதபாஸ்கா ஆற்றங்கரையில் வாழ்ந்த கிறீ, டெனே இன முதற்குடி மக்களும் கரையில் கசிந்த நிலக்கீலை மரப்பிசினோடு சேர்த்துத் தங்கள் மரப்பட்டைத் தோணிகளுக்கு அதையேதான் செய்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்த ஆற்று வழியே போன அலெக்ஸாண்டர் மெக்கன்சி, 20 அடிக் கம்பைத் தடையில்லாமல் இறக்கக்கூடிய கீல் ஊற்றுகளைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார்.

எண்ணெய் ஏன் இப்படி இறுகிப்போனது? மேற்கே ரொக்கி மலைகள் எழுந்தபோது, ஆழத்தில் உருவாகியிருந்த எண்ணெய் கிழக்கு நோக்கித் தள்ளப்பட்டது. அது வந்து நின்ற இடம், ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் கொண்டுவந்து போட்ட மணற்படுகை. ஆழம் குறைவு, சூடு குறைவு, பற்றீரியாக்கள் வாழ ஏற்ற இடம். எண்ணெய் என்பது ஒரே பொருளல்ல, சிறியதும் பெரியதுமான ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளின் கூட்டம். பற்றீரியாக்கள் அதில் இலேசானவற்றை முதலில் தின்றன. பலாப்பழத்தில் சுளைகளை எல்லாம் தின்றுவிட்டுச் சடையையும் பாலையும் விட்டுப்போனால் என்ன மிஞ்சும்? கையில் ஒட்டினால் போகாத அந்தப் பிசின்தான். அல்பேர்ட்டாவில் மிஞ்சியதும் அதுவே: கந்தகமும், நிக்கல், வனேடியம் போன்ற உலோகங்களும் செறிந்த பிசின்.

அள்ளிய மணல் 100 கிலோ என்றால், அதில் நிலக்கீல் 10 முதல் 12 கிலோ. மிச்சம் மணலும் களியும் கொஞ்சம் தண்ணீரும்.

இதைப் பிரிக்கும் வழியை ஒழுங்காக வகுத்தவர் கார்ல் கிளார்க் என்ற அல்பேர்ட்டா விஞ்ஞானி. 1920களில் அல்பேர்ட்டா பல்கலைக்கழக மின்நிலையத்தின் நிலவறையில் தன் உதவியாளரோடு சேர்ந்து ஒரு சிறு பிரிப்பு எந்திரத்தை அமைத்து ஓட்டிப் பார்த்தார். மணலோடு சுடுநீரும் சிறிதளவு கோஸ்டிக் சோடாவும் சேர்த்துக் கலக்க வேண்டும். சூட்டில் கீல் இளகும். மணல் தண்ணீரை விரும்பும் பொருள். ஆகவே நீர் மணலைச் சுற்றிக்கொண்டு கீலைத் தள்ளிவிடும். தள்ளப்பட்ட கீல்துளிகள் காற்றுக் குமிழிகளில் ஏறிக்கொண்டு நுரையாக மேலே வரும். எண்ணெய்ச் சட்டியைச் சுடுநீரும் சவர்க்காரமும் விட்டுக் கழுவும்போது மேலே மிதக்கும் படலத்தை யாரும் பார்த்திருப்பார்கள். அந்தப் படலத்தை வழித்தெடுத்தால் கிளார்க்கின் முறை. கிளார்க் 1966 டிசெம்பரில் காலமானார். அவருடைய முறையில் இயங்கிய முதல் பெரிய ஆலை 1967 செப்டெம்பரில் திறக்கப்பட்டது.

வீட்டில் ஒரு சட்டி கழுவினால் கழுநீரை வாழையடியில் ஊற்றிவிடலாம். அங்கே கழுவப்படுவது மலை மலையாக மணல். கழுநீர் எங்கே போகும்?

அதைக் கணக்கிட வேண்டுமானால் சுரங்கத்தின் பருமனைப் பார்க்க வேண்டும். நிலத்துக்கு 75 மீற்றருக்குள் கிடக்கும் மணலைத் திறந்த குழியாக வெட்டி அள்ளுகிறார்கள். அப்படி அள்ளத்தக்க பகுதி மொத்தப் படிவத்தில் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குதான். ஆனாலும் அது 4,800 சதுர கிலோமீற்றர். கண்டி மாவட்டத்தைப் போல இரண்டரை மடங்கு. முதலில் மரங்களை வெட்டி, சதுப்பை வடித்து, மேல்மண்ணை உரித்து எடுக்க வேண்டும். ஒரு நடையில் 360 தொன்னுக்கு மேல் சுமக்கும் லொறிகள் மணலை இழுக்கும். ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு, அதாவது 159 லீற்றருக்கு, ஏறத்தாழ இரண்டு தொன் மணல் வேண்டும். கழுவும் தண்ணீரில் பெரும்பகுதியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். அப்படியும் ஆற்றிலிருந்து புதுத் தண்ணீர் எடுக்காமல் முடிவதில்லை. பனிக்காலத்தில் ஆறு மெலிந்து ஓடும்போது எடுக்கும் தண்ணீர்தான் மீன்களை அதிகம் பாதிக்கிறது.

கழுவி முடிந்த நீர், களி, மிஞ்சிய கீல் எல்லாம் பெரிய அணைகளுக்குப் பின்னால் தேக்கப்படுகின்றன. இவற்றைக் கழிவுச் சேற்றுக் குளங்கள் எனலாம். குளம் என்ற சொல் பொருந்துமா என்பது வேறு விஷயம். இப்போது அவற்றில் கிடக்கும் சேற்றுத் திரவம் ஏறத்தாழ 1.4 இலட்சம் கோடி லீற்றர். நாவலப்பிட்டியிலிருந்து அதிக தூரமில்லாத கொத்மலை நீர்த்தேக்கம் நிரம்பி வழியும்போது கொள்ளும் நீர் 17.4 கோடி கன மீற்றர். அப்படி எட்டுக் கொத்மலைகள்.

ஏன் அது தெளியவில்லை? இந்தக் கேள்விக்கான பதிலும் வீட்டிலேயே இருக்கிறது. மழை நாளில் மகாவலி செம்மண் நிறமாக ஓடும்போது ஒரு வாளி மொண்டு வைத்துப் பாருங்கள். மணல் உடனே அடியில் உட்காரும். கலங்கல் மட்டும் மறுநாளும் அப்படியே நிற்கும். கலங்கலாக நிற்பவை களித்துணிக்கைகள். மயிரிழையின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாதவை. ஒவ்வொன்றும் மறை மின்னேற்றம் உடையது. ஒரே ஏற்றம் உடையவை ஒன்றையொன்று தள்ளும். ஆகவே அவை சேர்ந்து கட்டியாகிக் கீழே விழ முடியாமல், வரிசையில் இடிபடாமல் விலகி நிற்பவர்களைப் போல நீரில் தொங்கிக்கொண்டே இருக்கும். கிளார்க்கின் முறையில் சேர்க்கும் கோஸ்டிக் சோடா கீலைப் பிரிக்க உதவுகிறது. அதுவே இந்த விலகலை இன்னும் கூட்டிவிடுகிறது. சில ஆண்டுகளில் அந்தக் கலங்கல் தயிர்ப் பதத்துக்கு வரும். அதன்பிறகு பல பத்தாண்டுகள் ஆனாலும் அப்படியேதான் இருக்கும். மேலே மனிதர் நடக்கவும் முடியாது, கீழே மரம் வேர்விடவும் முடியாது.

நம் பாட்டிமார் கலங்கல் நீர்ப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரசிவிடுவார்கள். பிறகு படிகாரம் வந்தது. இரண்டும் செய்வது ஒரே வேலை: துணிக்கைகளின் தள்ளுவிசையைக் குறைத்து அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைப்பது. அல்பேர்ட்டா நிறுவனங்களும் ஜிப்சத்தையும் பல்பகுதியச் சேர்மங்களையும் கலந்து இதையே முயல்கின்றன. பானைக்குப் பலித்தது எட்டுக் கொத்மலைக்குப் பலிக்க வேண்டும். அதுவும் குளத்தில் புதுச்சேறு வந்து சேரும் வேகத்தை விட வேகமாக. 1967 இல் நிரப்பத் தொடங்கிய முதற்குளம் 2010 இல்தான் மண் மூடி, செடி நட்டு, ‘வாப்பிசிவ் பார்வைமேடு’ என்ற பெயரில் மீட்கப்பட்டது. அதிலிருந்த தயிர்ச்சேற்றில் பெரும்பங்கு வேறு குளங்களுக்கு மாற்றப்பட்டிருந்தது.

சேற்றுநீர் வெறும் கலங்கல் என்றால் கவலை பாதியாகும். கீலிலிருந்து கரைந்துவரும் நப்தீனிக் அமிலங்கள் மீனுக்கும் தவளைக்கும் நஞ்சு. மேலே மிதக்கும் கீற்படலம் பறவைக்கு எமன். 2008 ஏப்ரலில், மற்ற ஏரிகள் இன்னும் உறைந்து கிடந்த நேரம், வலசை வந்த வாத்துகள் உறையாத ஒரு கழிவுக்குளத்தைக் கண்டு இறங்கின. இறக்கையில் கீல் ஒட்டியது. 1,600க்கும் மேற்பட்டவை இறந்தன. பறவைகளை விரட்ட வெடிச்சத்தம் எழுப்பும் கருவிகள் அந்த ஆண்டு உரிய நேரத்தில் வைக்கப்படவில்லை என்பது வழக்கில் தெரியவந்தது. 2010 இல் நிறுவனத்துக்கு 30 இலட்சம் டொலர் தண்டம்.

சுரங்கம் வெட்ட முடியாத ஆழத்தில் கிடக்கும் மணல்தான் மிகப் பெரும்பகுதி. அங்கே மணலை மேலே கொண்டுவராமல், நீராவியைக் கீழே அனுப்புகிறார்கள். 1970களின் பிற்பகுதியில் ரோஜர் பட்லர் என்ற பொறியியலாளர் வகுத்த முறை இது. கிடையாக இரண்டு குழாய்க்கிணறுகள், ஒன்றின் மேல் ஒன்று, நடுவில் ஐந்து மீற்றர் இடைவெளி. மேற்குழாயில் நீராவி போகும். பிட்டுக் குழலில் ஆவி மாவின் இடுக்கெல்லாம் ஏறிப் பரவுவது போல மணலுக்குள் பரவி, கீலை இளக்கும். இளகிய கீல் தன் பாரத்தால் இறங்கிக் கீழ்க்குழாயில் சேரும். குழி இல்லை, கழிவுக்குளமும் இல்லை. பார்வைக்கு இது நல்ல வழி என்றே தோன்றும். ஆனால் அந்த நீராவியைக் கொதிக்கவைக்க இரவுபகலாக இயற்கை எரிவாயு எரிய வேண்டும். காட்டுக்குள் கிணற்றுத் தளங்களும், குழாய்ப் பாதைகளும், நிலத்துக்குள் அதிர்வலை அனுப்பி எண்ணெய் தேடுவதற்காக வெட்டிய நேர்கோட்டுப் பாதைகளும் வலையாகப் பின்னிக் கிடக்கின்றன. ஓநாய்கள் அந்தப் பாதைகளில் எளிதாக ஓடி, காட்டுக் கரிபூ மான்களைப் பிடிக்கின்றன. கரிபூ குறைந்துகொண்டே போவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

மண்ணில் கிடந்த கீலைப் பெற்றோலாக்கி வண்டியில் எரிப்பது வரையான முழு வழியிலும் வெளியேறும் பசுங்குடில் வாயுக்களைக் கூட்டிப் பார்த்தால், அமெரிக்காவில் விற்கப்படும் போக்குவரத்து எரிபொருள்களின் சராசரியை விட இது 14 முதல் 20 வீதம் அதிகம் என்று அமெரிக்கக் காங்கிரஸின் ஆய்வுப் பிரிவு மதிப்பிட்டது. ஒரு பீப்பாய்க்கு வெளியேறும் அளவை நிறுவனங்கள் குறைத்துவந்திருக்கின்றன, அது உண்மை. பீப்பாய்களின் எண்ணிக்கை அதைவிட வேகமாகக் கூடியதும் உண்மை. இதில் சேராத இன்னொரு கணக்கு சதுப்பில் இருக்கிறது. வடக்கு அல்பேர்ட்டாவின் சதுப்புகளில் பாசியும் இலையும் மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்து, முற்றா நிலக்கரியாகக் காபனைப் பூட்டி வைத்திருக்கின்றன. சுரங்கத்துக்குப் பின் அந்த இடத்தில் மேடும் காடும் அமைக்கலாம்; அந்தச் சதுப்பை அமைக்க முடியாது. அனுமதி பெற்ற சுரங்கங்களால் மட்டும் 29,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட முற்றா நிலக்கரிச் சதுப்பு அழியும் என்று 2012 இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

இதெல்லாம் எப்படித் தெரிய வந்தது? இந்தக் கதையில் மனதைப் பிடிக்கும் பகுதி இதுதான்.

அதபாஸ்கா ஆறு மலைப்பனியில் பிறந்து, 1,231 கிலோமீற்றர் ஓடி, அதபாஸ்கா ஏரியில் சேர்கிறது. நடுவழியில் சுரங்கங்கள். ஏரிக்கரையில் போர்ட் சிப்பவாயன் என்ற முதற்குடி மக்களின் சிற்றூர். மீனில் புண்கள் காண்கிறோம், ஊரில் புற்றுநோய் கூடிவிட்டது என்று அந்த மக்கள் சொல்லிவந்தார்கள். ஆற்றங்கரையில் கீல் இயற்கையாகவே காலகாலமாகக் கசிகிறதே, ஆற்றில் இருப்பது அந்தக் கசிவுதான் என்று தொழில்துறையும் அதிகாரிகளும் பதில் சொன்னார்கள். பதில் சாதுரியமானது. ஆற்றுநீரை மொண்டு சோதித்தால் இரண்டு கீலையும் எப்படிப் பிரித்தறிவது?

அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தின் நன்னீரியல் அறிஞர் டேவிட் ஷிண்ட்லரும் அவருடைய குழுவினரும் ஆற்றை விட்டுவிட்டுப் பனியைச் சோதித்தார்கள். வீதியோரக் கொடியில் வெள்ளை வேட்டியைக் காயப்போட்டால், மாலையில் அதில் படிந்திருப்பது அன்று காற்றில் வந்த புழுதி மட்டுமே. தரையில் ஊறும் நீர் வேட்டியில் ஏறாது. பனிக்காலத்தில் விழுந்து உறைந்து கிடக்கும் பனிப்படலமும் அப்படி ஒரு வேட்டிதான். ஆற்றங்கரைக் கசிவு அதன் மேல் ஏற வழியில்லை. 2009, 2010 ஆம் ஆண்டுகளில் வெளியான அவர்களுடைய முடிவுகள் தெளிவாக இருந்தன. ஆலைகளுக்கு அருகே பனியில் அழுக்கு மிகுதி. விலக விலகக் குறைவு. நான்கு மாதப் பனிக்காலத்தில் ஆலைகளைச் சுற்றி 50 கிலோமீற்றருக்குள் வானிலிருந்து படிந்தது 600 தொன் நிலக்கீலுக்குச் சமம் என்று கணக்கிட்டார்கள். இளவேனிலில் பனி உருகும்போது அது முழுவதும் ஒரேயடியாக ஆற்றில் இறங்கும், மீன் முட்டையிடும் காலத்தில்.

அடுத்த கேள்வி: தொழில் தொடங்குவதற்கு முன் எவ்வளவு இருந்தது? 1967க்கு முன்னர் அந்த ஏரிகளை யாரும் முறையாக அளந்து வைக்கவில்லை. ஆனால் ஏரியின் அடிச்சேறு அளந்து வைத்திருந்தது. ஆண்டுதோறும் ஒரு மெல்லிய படை விழுந்து, அடியில் பழையதும் மேலே புதியதுமாகச் சேறு அடுக்கப்பட்டிருக்கும். நீண்ட குழாயைச் சேற்றில் இறக்கி, அடுக்குக் குலையாமல் உருவியெடுத்து, தோசை அடுக்கைப் பிரிப்பது போல ஒவ்வொரு படையாகப் பிரித்து, ஈயத்தின் கதிர்வீச்சுத் தேய்வைக் கொண்டு அதன் வயதைக் கணித்தார்கள். 2013 இல் வெளியான அந்த ஆய்வில், ஆறு ஏரிகளின் சேற்றிலும் பல்வளைய அரோமற்றிக் சேர்மங்கள் 1960 அளவிலிருந்து 2.5 முதல் 23 மடங்கு வரை ஏறியிருந்தன. எரிபுகையிலும் தாரிலும் காணப்படும் இந்த வளைய மூலக்கூறுகளில் சில புற்றுநோய் தரக்கூடியவை. ஏற்றம் தொடங்கும் படை, ஆலைகள் தொடங்கிய காலத்துப் படை.

நாவலப்பிட்டி வீதியில் இரண்டு வளைவு தாண்டி மூக்கில் ஏறிய வாசத்துக்கும் இங்கே வேலையிருக்கிறது. தார் வாசம் என்பது காற்றில் எழும்பிய காபன் சேர்மங்கள். பெற்றோல் போல உடனே ஆவியாகும் சேர்மங்களை நிறுவனங்கள் விதிப்படி கணக்கில் காட்டிவந்தன. தாரிலிருந்து மெதுவாக எழும்பும் பாரமானவை அந்தக் கணக்குக்குள் வரவில்லை. கனடா அரசின் விஞ்ஞானிகளும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தினரும், அளவுக் கருவிகள் பூட்டிய விமானத்தைச் சுரங்கங்களைச் சுற்றிப் பறக்கவிட்டு, உள்ளே போகும் காற்றில் என்ன இருக்கிறது, வெளியே வரும் காற்றில் என்ன இருக்கிறது என்று அளந்தார்கள். 2024 இல் வெளியான முடிவு: அறிக்கையில் காட்டியதை விட 20 முதல் 64 மடங்கு அதிகம். விதியை மீறி யாரும் மறைத்த தொகையல்ல இது. விதியே பெரும்பகுதியை அளக்கச் சொல்லவில்லை. மறைத்திருந்தால் ஒரு வழக்கோடு போயிருக்கும். இது அதைவிடக் கவலைக்குரியது.

புற்றுநோய்க் கேள்விக்கு இவ்வளவு தெளிவான பதில் கிடைக்கவில்லை. 1995 முதல் 2006 வரை போர்ட் சிப்பவாயனில் 39 புற்றுநோய்கள் எதிர்பார்க்கப்பட்ட இடத்தில் 51 கண்டறியப்பட்டதாக அல்பேர்ட்டா புற்றுநோய்ச் சபை 2009 இல் அறிக்கையிட்டது. ஆயிரம் பேர் அளவில் வாழும் ஊரில் பன்னிரண்டு கூடுதல் என்பது தற்செயலாகவும் நேரலாம், காரணத்தோடும் நேரலாம். எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. சிற்றூர்களின் துயரம் இது. நோய் உண்மையாக இருக்கும், நிரூபிக்கப் போதுமான ஆட்கள் இருக்கமாட்டார்கள்.

2023 இல் அந்த மக்களின் பொறுமை உடைந்தது. கேர்ல் என்ற சுரங்கத்தின் கழிவுக்குளத்திலிருந்து கசிவு வருவது 2022 மே மாதமே கண்டறியப்பட்டிருந்தது. 2023இன் தொடக்கத்தில் இன்னொரு குளத்திலிருந்து 53 இலட்சம் லீற்றர் வழிந்தது. கசிவின் முழு விவரம் ஊருக்கு வந்து சேர்ந்தது அதன் பிறகுதான். ஒன்பது மாதங்களாக அந்தச் சுற்றாடலில் மீன் பிடித்து, வேட்டையாடி, உண்டிருந்தார்கள்.

கீல் குழாயில் ஓடாது என்பதால் இலேசான எண்ணெய் கலந்து, வண்ணப்பூச்சில் தின்னர் விடுவது போல நீர்க்கவைத்துத்தான் அனுப்புகிறார்கள். 2010 ஜூலையில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அப்படியொரு குழாய் வெடித்து, கலமசூ ஆற்றில் 30 இலட்சம் லீற்றருக்கு மேல் கொட்டியது. எண்ணெய் மிதக்கும் என்ற நம்பிக்கையில் வழித்தெடுக்கப் போனார்கள். தின்னர் ஆவியாகிப் போக, கீல் ஆற்றடியில் உட்கார்ந்துவிட்டது. துப்புரவுக்குப் பல ஆண்டுகளும் 100 கோடி டொலருக்கு மேலும் செலவாயின.

கனடா எங்கேயோ இருக்கிறது என்று நாம் விட்டுவிட முடியாது. சுன்னாகத்தைச் சுற்றி 2014, 2015 இல் கிணற்று வாளியில் எண்ணெய்ப் படலம் வந்ததை யாழ்ப்பாணத்தார் மறக்கவில்லை. அனல்மின் நிலையக் கழிவெண்ணெய் சுண்ணாம்புப் பாறை இடுக்குகள் வழியே நிலத்தடி நீரில் கலந்தது குறித்த வழக்கில், 2019 ஏப்ரல் 4 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது; தனியார் மின் நிறுவனம் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. அந்த வழக்கு நடந்த காலம் முழுவதும், எந்தக் கிணற்றில் எவ்வளவு, எப்போதிருந்து, எங்கிருந்து என்று ஆளுக்கொரு நிபுணர் குழு ஆளுக்கொரு விடை சொன்னது. போர்ட் சிப்பவாயன் மக்கள் கேட்ட அதே கேள்விகள்.

இலங்கையில் எண்ணெய் மணல் கிடையாது. ஆனால் மன்னார்க் கடற்படுகையில் 2011 இல் இயற்கை எரிவாயு கண்டறியப்பட்டது. இன்னும் எடுக்கத் தொடங்கவில்லை. மறுபடி ஒரு டொலர் தட்டுப்பாடு வந்தால், எடுத்தே ஆக வேண்டும் என்ற குரல் உரத்து எழும். எடுப்பதா வேண்டாமா என்பதை நாடு பேசித் தீர்மானிக்கட்டும். அதற்கு முன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. மன்னார்க் கடலின் நீரையும், அடிச்சேற்றையும், மீனையும், கரையோரக் கிணறுகளையும் எந்த நிறுவனத்தின் சம்பளத்திலும் இல்லாதவர்கள் இப்போதே அளந்து, அந்த அளவுகளை மீனவச் சங்கங்களின் கையிலும் பாடசாலைகளின் கையிலும் தமிழிலும் சிங்களத்திலும் கொடுத்துவைக்க வேண்டும். அல்பேர்ட்டாவில் 1967 இல் யாரும் அதைச் செய்யாததால், ஏரிச் சேற்றைத் தோண்டிப் பார்க்க 46 ஆண்டுகள் ஆயின. மன்னாரில் முதற்கிணறு உற்பத்தியைத் தொடங்கும் வரை நமக்கு அவகாசம் இருக்கிறது.